மார்மன் மிஷனரியின் அன்றாட வாழ்வு: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

மார்மன் மிஷனரி என்பவர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் முழுநேர ஊழியர். இவருக்குச் சம்பளம் கிடையாது. இளைஞர்கள் 2 ஆண்டுகளும் இளம்பெண்கள் 18 மாதங்களும் இப்பணியில் இருப்பார்கள். 1830 இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இந்தச் சபையைத் தொடங்கினார். விவிலியத்துடன் மார்மன் புத்தகத்தையும் இவர்கள் மறைநூலாகக் கொள்வதால் ‘மார்மன்’ என்ற பெயர் ஊரார் வாயில் நிலைத்தது. முழுப்பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று 2018 முதல் சபைத் தலைமை வற்புறுத்தி வருகிறது. இக்கட்டுரையில் சுருக்கம் கருதி ‘மார்மன்’, ‘சபை’ என்ற சொற்கள் கையாளப்படுகின்றன.

தமிழ்நாடு, 1993 இல் அமைந்த பெங்களூர் மிஷனின் எல்லைக்குள் வருகிறது. சபையின் சொந்தக் கணக்குப்படி இந்தியா முழுவதும் அதன் உறுப்பினர்கள் சுமார் 15 ஆயிரம் பேர். 140 கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் இது கண்ணில் படாத எண்ணிக்கை. ஆகவே தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு மிஷனரி வாய் திறந்தால், போதனைக்கு முன்பாக ‘நாங்கள் யார்’ என்பதற்கே அரைமணி நேரம் போய்விடும்.

முதல் முயற்சி, 1853

சென்னைக்கு மார்மன்கள் வந்தது புதிதல்ல. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் நடந்த சிறப்பு மாநாட்டில் உலகின் பல பகுதிகளுக்கும் ஆட்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களில் 13 பேர் ‘மான்சூன்’ என்ற கப்பலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு 1853 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினார்கள். அங்கிருந்து ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் ஆகியோர் மெட்ராஸ் வந்தார்கள். பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849 இல் தம் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை நடத்தியவர் என்று இன்றும் நினைக்கப்படுபவர். மனைவி மக்களை யூட்டாவில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

அவர்களுக்கு நேர்ந்த இடர் மெட்ராஸில் தொடங்கியதல்ல. அவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான், ஓர் ஆண் பல மனைவியரை மணக்கும் வழக்கம் தங்களிடம் உண்டு என்று சபை வெளிப்படையாக அறிவித்தது. செய்தி கப்பலைவிட வேகமாகப் பயணம் செய்தது. மெட்ராஸின் ஆங்கிலேயச் சமூகத்தில் பாதிரிமார்களும் பத்திரிகைகளும் எதிர்த்து நின்றன. அச்சுக்கு அச்சால் பதில் சொல்லப் பார்த்த பாலன்டைன், 1854 இல் மெட்ராஸிலேயே ஒரு மாத இதழை வெளியிட்டார். பயன் மிகக் குறைவு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கேட்டவர்கள் பெரும்பாலும் படைவீரர்களும் ஆங்கிலம் பேசும் சிறு வட்டமும்தான். பாலன்டைன் 1854 நடுவில் கப்பலேறினார், ஸ்கெல்டன் 1856 வரை இந்தியாவில் இருந்தார். பலதார மணத்தைக் கைவிடும் அறிவிப்பை சபை 1890 இல் வெளியிட்டது. ஆனாலும் ‘உங்களுக்கு நாலு பெண்டாட்டியாமே’ என்ற கேள்வி இன்றைய மிஷனரியையும் விட்டபாடில்லை.

பிறகு ஏறக்குறைய நூறாண்டு மௌனம். தமிழ்நாட்டில் சபை மறுபடி முளைத்த விதம் கவனிக்கத்தக்கது. கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் 1950களில் ஒரு துண்டுப்பிரசுரத்தின் வழியாக இந்தச் சபையைப் பற்றி அறிந்து, கடிதம் எழுதி, 1965 இல் திருமுழுக்குப் பெற்றார். ஆந்திரத்தில் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு தம்பதியர் சமோவாத் தீவில் வேலை பார்த்தபோது சபையில் சேர்ந்தவர்கள். 1978 இல் குறுகிய காலப் பணியாக ஐதராபாத் திரும்பியபோது அவர்கள் உறவினரிடையே 22 பேர் சேர்ந்தார்கள். இரண்டு இடங்களிலும் அந்நியர் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. அச்செழுத்து ஓரிடத்தில், உறவு மற்றோரிடத்தில். இந்தப் பகுதியில் புதிய நம்பிக்கை ஒன்று உறவு முறையிலும் பழக்கத்திலும்தான் நடக்கிறது. மிஷனரியோ உறவும் இல்லாமல் பழக்கமும் இல்லாமல் வந்து நிற்பவர். அவருடைய பின்னடைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

அழைப்பும் செலவும்

2012 அக்டோபரில் குறைந்தபட்ச வயது ஆண்களுக்கு 19 இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21 இலிருந்து 19 ஆகவும் குறைக்கப்பட்டது. விண்ணப்பிக்கலாம், ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். செலவு மிஷனரிக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து செல்பவருக்கு மாதம் 400 டாலராக இருந்த பங்களிப்பு 2020 ஜூலையில் 500 டாலராயிற்று. ஏழை நாடுகளின் இளைஞர்கள் இயன்றதைக் கொடுக்கிறார்கள், மீதியைப் பொது நிதி தாங்குகிறது.

வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, கறுப்புப் பெயர்ச்சட்டம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்கப் பையன்கள்தான். தென்னிந்தியாவில் அது பாதி உண்மை. வெளிநாட்டவர் சமயப் பணிக்கு வர மிஷனரி விசா தேவை, அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே பணியாற்றுவோரில் பெரும்பாலோர் இந்தியர்களே. தெலுங்கு வீட்டிலிருந்தோ வடமாநிலத்திலிருந்தோ வரும் பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தாம்பரமும் அயலூர்தான். சபைக் கூட்டங்களில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். முடிச்சூரில் ஒரு பாட்டியிடம் வழி கேட்க ஆங்கிலம் உதவாது. வெள்ளைக்காரன் தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் தெருவே கைதட்டும். கறுப்பாக, நம்மைப் போலவே இருக்கும் ஒருவன் தப்பும் தவறுமாகத் தமிழ் பேசினால் ‘ஏன் தம்பி, தமிழ் தெரியாதா?’ என்றுதான் கேட்பார்கள். இந்த வேற்றுமை இந்திய மிஷனரிகளுக்கு மட்டுமே உரிய சுமை.

ஒரு நாள்

நாள் காலை 6.30க்குத் தொடங்கி இரவு 10.30க்கு முடிகிறது. உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, தனிப்படிப்பு, துணையுடன் படிப்பு எல்லாம் முடித்துக் கிளம்பக் காலை பத்து மணி ஆகிவிடும். இடத்துக்கு ஏற்ப இந்த நேரங்களை மிஷன் தலைவர் மாற்றலாம். மிஷனரி ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. நியமிக்கப்பட்ட துணை ஒருவர் எப்போதும் கண்பார்வையில் இருப்பார். துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. பிடிக்காத ஒருவருடன் ஒரே அறையில் வாரக்கணக்கில் வாழ்வதுதான் இப்பணியின் மிகப் பெரிய சோதனை என்று பணி முடித்த பலர் சொல்வதுண்டு. வெளியார் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

இந்தக் கால அட்டவணை தாம்பரத்தில் எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். காலை பத்து மணிக்குச் சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ வீட்டில் இருப்பவர்கள் யார்? வேலைக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்கே மின்சார ரயிலைப் பிடித்திருப்பார்கள். 1931 இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்தே இந்தப் புறநகர் காலையில் நகரத்துக்குப் போய் இரவில் திரும்பும் ஊர். சானடோரியம் ஏற்றுமதி வளாகத்திலோ பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களிலோ வேலை என்றால் நேரமே மாறும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும். மிஷனரி நடத்தை விதிகளின்படி ஆண் மிஷனரிகள் தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் அமர்ந்து பாடம் நடத்த இயலாது, இன்னொரு பெரியவர் உடனிருக்க வேண்டும். ஊர் வழக்கமும் அதை ஏற்காது. ஆக, பகல் முழுவதும் வெயிலில் நடந்தாலும் பயனுள்ள நேரம் இரவு ஏழிலிருந்து ஒன்பது வரைதான். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தொலைக்காட்சித் தொடரும், பிள்ளைகளின் வீட்டுப்பாடமும், குடிநீர் லாரியும் வரும்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குக்குப் போவது ஒரு தனிக்கதை. தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளக்கிறது. பகிர்வு ஆட்டோ, பேருந்து, பிறகு நடை என்று மூன்று பேரைப் பார்க்க ஒரு மாலை போய்விடும்.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடி வெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். 2019 பிப்ரவரி வரை பெற்றோரிடம் தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டு நாள்தான் அனுமதி: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். இந்தியப் பெற்றோருக்கு இந்தத் தளர்வு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காபி டம்ளர்

தேநீர், காபி, மது, புகையிலை நான்கும் மார்மன்களுக்கு விலக்கு. 1833 இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த ‘ஞான வார்த்தை’ என்னும் உணவு நெறி இது. மது வேண்டாம் என்றால் தமிழ்நாட்டில் மரியாதை கூடும். காபி வேண்டாம் என்றால் முகம் வாடும்.

வீட்டுக்கு வந்தவருக்கு டம்ளரில் ஏதாவது கொடுப்பது உபசாரத்தின் முதல் படி. அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். மறுத்தால் பல பொருள்கள் கற்பிக்கப்படலாம். நம் வீட்டில் சாப்பிட மாட்டாரா? சாதி பார்க்கிறாரா? தீண்டாமையின் வரலாறு உள்ள ஒரு சமூகத்தில் டம்ளரைத் தொடாமல் வைப்பது சின்ன விஷயம் அல்ல. யூட்டாவிலிருந்து வந்த இளைஞனுக்கு இந்த நுணுக்கம் தெரிய வாய்ப்பில்லை, பழகிய இந்திய மிஷனரிக்குத் தெரியும். அவர் ‘தண்ணீர் மட்டும் போதும் அம்மா’ என்றோ, பாலோ மோரோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் போதும் என்றோ முந்திக்கொள்வார். அந்தத் தண்ணீரும் காய்ச்சியதா என்பது வேறு கவலை. வயிற்றுக் கோளாறும் கொசுவழிக் காய்ச்சலும் புதிதாக வந்தவரின் பல நாட்களைத் தின்றுவிடும்.

‘பார்க்கலாம்’

தாம்பரத்துப் பக்கம் கதவைச் சாத்துபவர்கள் குறைவு. ‘உள்ளே வாங்க’ என்பார்கள், படத்துக்கு வணக்கம் சொல்வார்கள், பிரார்த்தனையில் கண் மூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறீர்களா என்றால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். பெரும்பாலும் அது ‘இல்லை’ என்பதன் கண்ணியமான வடிவம். எதிரே இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்வது. முகத்துக்கு நேரே ஆம், இல்லை கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ‘நிச்சயம் வருவார்’ என்று வாரந்தோறும் குறித்துவைத்து ஏமாறுவார்கள். கதவை அறைந்து சாத்தும் ஊரில் தோல்வி உடனே தெரிந்துவிடும், இங்கே அது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். இரண்டாவதுதான் மனத்தை அதிகம் அரிக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

இந்து வீடுகளில் இன்னொரு தடங்கல் உண்டு. இயேசுவின் படத்தை முருகன் படத்துக்கு அருகில் மாட்டுவதில் பலருக்கு ஆட்சேபம் இல்லை. மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் கொள் என்பதுதான் புரிவதில்லை. குலதெய்வத்தை விடுவது, பொங்கல் வைப்பதை விடுவது, அப்பாவுக்குத் திதி கொடுக்காமல் இருப்பது என்று வரும்போது தனிமனிதர் முடிவெடுக்க முடியாது, மாமனும் சித்தப்பாவும் கூடிப் பேச வேண்டும். சபையும் இதை ஓரளவு ஏற்கிறது. வயது வராதவருக்குப் பெற்றோரின் சம்மதமும், மணமானவருக்கு வாழ்க்கைத் துணையின் சம்மதமும் இல்லாமல் திருமுழுக்கு தருவதில்லை.

மார்மன்கள் முன்னோர் பட்டியலைத் தேடித் தொகுப்பதில் பேரார்வம் உடையவர்கள். இறந்த முன்னோருக்காக உயிரோடு இருப்பவர் திருமுழுக்குப் பெறும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. முன்னோர் வழிபாடு வேரூன்றிய தமிழரிடம் இது பேச்சைத் தொடங்க உதவும். ஆனால் நம் பெயர்முறையில் குடும்பப்பெயர் கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தாவுக்கு அப்பால் பட்டியல் நின்றுவிடுகிறது.

மற்ற கிறித்தவர்களிடையே

தாம்பரம் உலக மிஷன் வரலாற்றில் இடம்பெற்ற பெயர். 1937 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு அந்த வளாகத்தில் கூடியது. முதலில் சீனாவில் நடத்தத் திட்டமிட்டு, ஜப்பானியப் போரால் இங்கே மாற்றப்பட்ட மாநாடு அது. பிற சமயங்களில் இறைவனின் வெளிப்பாடு உண்டா என்ற கேள்வியில் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரின் நூலை முன்வைத்துக் கடும் விவாதம் நடந்தது. செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைக் கிறித்தவச் சிந்தனையாளர்கள் அவருக்கு மறுப்பாகத் தங்கள் நூலை வெளியிட்டிருந்தார்கள். ‘தாம்பரம் 1938’ என்று இறையியல் மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான்.

இப்படிப்பட்ட ஊரில் கிறித்தவம் என்பது புதுச் செய்தி அல்ல. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எத்தனையோ ஆலயங்கள். மார்மன் மிஷனரியைக் கண்டதும் பலர் ‘யெகோவா சாட்சிகளா?’ என்று கேட்பார்கள். இல்லை என்று விளக்கினால் அடுத்த கேள்வி, ‘பைபிளுக்கு மேலே இன்னொரு புத்தகமா?’ என்பது. தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவராக இருப்பவரிடம் மீண்டும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று சொன்னால் கோபம் வருவது இயல்பு. மறுபுறம், மார்மன் திருமுழுக்குச் செல்லாது என்று வத்திக்கான் 2001 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. திரித்துவம் பற்றிய கொள்கை வேறுபாடே காரணம். ஆகவே கடுமையான எதிர்ப்பு பல நேரங்களில் இந்து வீட்டிலிருந்து அல்ல, ஒரு போதகரின் வீட்டிலிருந்தே வரும்.

சட்டத்தின் நிழல்

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977 இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் 2002 இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2004 இல் கைவிடப்பட்டது. இப்போது அப்படியொரு தனிச்சட்டம் இல்லை என்றாலும் மதமாற்றம் என்ற சொல்லே தெருவில் சூட்டைக் கிளப்பும். கேட்காத வீட்டுக்குப் போகாமல், உறுப்பினர்களின் அறிமுகத்தோடு போவதே மிஷனரிக்குப் பாதுகாப்பு.

மதம் மாறுபவர் கொடுக்கும் விலை மிஷனரி கொடுப்பதைவிடப் பெரிது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறித்தவரானால் அந்தத் தகுதி போய்விடும், கல்வியிலும் வேலையிலும் அதற்குரிய இடஒதுக்கீடும் போய்விடும். இதை அறியாமல் ஒரு கல்லூரி மாணவனிடம் ‘திருமுழுக்குக்கு ஒரு தேதி குறிக்கலாமா’ என்று கேட்பது சரியல்ல.

பணமும் ஒரு தடை. உறுப்பினர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தர வேண்டும். ஞாயிறு ஓய்வு நாள், அன்று வேலையும் கடைக்குப் போவதும் தவிர்க்கப்பட வேண்டும். மருத்துவமனையில் சுழற்சி முறை வேலை, துணிக்கடையில் ஞாயிறுதான் வியாபாரம் என்று வாழ்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

மனம் தளரும்போது

2013 இல் சபை தன் மிஷனரிகளுக்கு மன அழுத்தம் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நான்கு நிலைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதை அது சொல்கிறது. வீட்டு நினைவு, தூக்கமின்மை, துணையுடன் சண்டை, யாரும் கேட்காத நாட்கள் எல்லாம் அதில் வருகின்றன. பயிற்சி பெற்ற பிள்ளைகளும் உடைந்துபோவார்கள் என்பதை ஒரு நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது.

ஆனால் பாதியில் வீடு திரும்புபவரின் நிலை இன்னும் கடினமே. ஊரார் கூடி வழியனுப்பிய பையன் எட்டு மாதத்தில் பெட்டியோடு வந்து இறங்கினால் காரணம் கேட்காதவர் யார்? காய்ச்சல் என்றால் நம்புவார்கள், மனச்சோர்வு என்றால் ‘விசுவாசம் குறைவு’ என்பார்கள். மணப்பேச்சு வரை அந்தச் சொல் கூடவே வரும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது உலகெங்கும் பல்லாயிரம் மிஷனரிகள் ஒரேயடியாகத் தாய்நாடு திருப்பப்பட்டார்கள். அந்த ஒருமுறை மட்டும் யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

இடமாற்றம்

ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். சிலர் அதே இடத்தில் நீடிப்பார்கள், சிலருக்கு இரண்டு நாளில் இரவு ரயில். குரோம்பேட்டைக் கடைக்காரர் ‘தம்பி’ என்று கூப்பிடத் தொடங்கிய வாரத்தில், ஒரு குடும்பத்தலைவர் முதன்முறையாகத் தன் கஷ்டத்தைச் சொன்ன வாரத்தில், பெங்களூருக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போக வேண்டி வரலாம். ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும், எல்லோரும் எல்லா வேலையும் பழகவும் ஏற்பட்ட முறை இது. உறவாகிப் பழகினால் ஒழியப் பேச்சு நகராத ஊரில் இதைவிடப் பொருந்தாத முறை இருக்க முடியாது. உள்ளூர்ச் சபை உறுப்பினர்கள் அந்த இடைவெளியை நிரப்பும் இடங்களில்தான் புதியவர்கள் தங்குகிறார்கள்.

போகிறவர் தன் தொடர்புகளைக் கைப்பேசிச் செயலியில் எழுதிவைத்துவிட்டுப் போவார். யாரைப் பார்த்தோம், எந்தப் பாடம் முடிந்தது, வீட்டில் யார் யார், எந்த நாள் வரச் சொன்னார்கள், காபி தந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பது வரை அதில் இருக்கலாம். புதிதாக வருபவர் அதைப் பார்த்துக்கொண்டு அதே தெருவில் அதே வீட்டு மணியை அடிப்பார். கதவைத் திறப்பவர் முதலில் கேட்பது, ‘முன்னாடி வந்த தம்பி எங்கே?’

தங்கும் அறையைக் காலி செய்யும்போது சைக்கிளும், மின்விசிறியும், பாத்திரங்களும், கொசுவலையும் அப்படியே அடுத்தவருக்குப் போகும். 24 மாதம் முடித்தவர் ஊருக்குக் கொண்டுபோவது இரண்டு பெட்டியும், கொஞ்சம் தமிழும், சிலருடைய தொலைபேசி எண்களும்.